எச்1 கணிதமா, எச்2 கணிதமா? பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பதென்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு

"அத்தே, தூங்கிட்டீங்களா? நாளைக்கு ஃபார்ம் கொடுக்கணும். எச்1 மேத்ஸா, எச்2 மேத்ஸா?"

இரவு 11 மணிக்கு என் அண்ணன் மகள் அனுப்பிய செய்தி. சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்து, தொடக்கக் கல்லூரியில் இடம் கிடைத்து, அறிமுக முகாமில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்த வாரம் அது. அதற்குள் பாடத் தேர்வுப் படிவம் கைக்கு வந்துவிட்டது.

"யூனில என்ன படிக்கப் போற?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா உங்கள ஏன் கேக்குறேன்?"

நியாயமான பதில்தான். 17 வயதில் பலருக்கும் அது தெரிவதில்லை. ஆனால் படிவம் காத்திருக்காதே! கணிதத்தில் எடுக்கும் முடிவு, இரண்டு ஆண்டு கழித்து எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை ஓரளவு இப்போதே தீர்மானித்துவிடும்.

எச்1 என்றால் 'ஈசி மேத்ஸா'?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை.

எச்2 கணிதத்திற்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 100 மதிப்பெண். முதல் தாள் முழுக்கத் தூய கணிதம். இரண்டாவது தாளில் தூய கணிதத்திற்கு 40, நிகழ்தகவுக்கும் புள்ளியியலுக்கும் 60.

எச்1 கணிதத்திற்கு ஒரே தாள். 3 மணி நேரம், 100 மதிப்பெண். அதில் தூய கணிதத்திற்கு 40, நிகழ்தகவுக்கும் புள்ளியியலுக்கும் 60.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்2-இல் புள்ளியியலின் பங்கு 30 விழுக்காடு. எச்1-இல் 60 விழுக்காடு. எச்2 மாணவர்கள் படிக்கும் வெக்டர்கள், கலப்பெண்கள், தொடர்வரிசைகள் எச்1-இல் கிடையாது. நுண்கணிதம் உண்டு, ஆனால் அவ்வளவு ஆழம் போகாது. இயல்நிலைப் பரவல், கருதுகோள் சோதனை, ஒட்டுறவு எல்லாம் இரண்டிலும் வரும்.

ஆக, எச்1-ஐ எச்2-இன் சுருக்கம் என்று மட்டும் பார்க்கக்கூடாது. அதன் சாய்வே வேறு. சமன்பாடுகளைப் பிரித்து மேய்வது பிடிக்காது, ஆனால் ஒரு கருத்தாய்வு முடிவைப் பார்த்ததும் 'இதை எப்படி நம்புறது?' என்று கேட்கத் தோன்றும் ஆளா நீங்கள்? உங்களுக்கு எச்1 சலிப்பாக இருக்காது.

உயர்நிலைப் பள்ளியில் கூடுதல் கணிதம், அதாவது ஏ மேத்ஸ், எடுக்காதவர்களுக்கும் எச்1 பொருந்தும். பாடத்திட்டமே அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எச்2 அப்படியில்லை. ஏ மேத்ஸ் தெரியும் என்ற எண்ணத்தோடுதான் முதல் விரிவுரையே தொடங்கும்.

எந்தப் படிப்புக்கு எது வேண்டும்?

பொறியியல், கணிதம், இயற்பியல், தரவு அறிவியல் போன்றவற்றுக்குப் பொதுவாக எச்2 கணிதம் வேண்டும். கணினியியல் பக்கம் போக நினைத்தாலும் அது கையில் இருப்பது நல்லது. வணிகம், கணக்கியல், பொருளியல் படிப்புகள் பலவற்றுக்கு எச்1 கணிதமோ, சாதாரண நிலைக் கூடுதல் கணிதத்தில் நல்ல தேர்ச்சியோ போதும்.

சட்டத்திற்குக் கணிதம் நிபந்தனை இல்லை. மருத்துவம்? "டாக்டராகணும்னா மேத்ஸ் கட்டாயம்" என்று சொல்லாத மாமா நம் வீடுகளில் அபூர்வம். ஆனால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பு கேட்பவை எச்2 வேதியியல், அதோடு எச்2 உயிரியல் அல்லது இயற்பியல். கணிதம் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவம் படிக்கப்போகிற பலர் எச்2 கணிதம் எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது அவர்களின் தெரிவு.

இந்த நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். பல்கலைக்கழகங்களின் இணையப்பக்கங்களில் படிப்புவாரியாகப் போட்டிருப்பார்கள். மாமாவைக் கேட்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

முடிவு செய்யாமலேயே பல்கலைக்கழகத்தில் நுழையவும் வழியுண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனிதவியல், அறிவியல் கல்லூரியில் சேர்ந்த பிறகு முதன்மைப் பாடத்தைத் தீர்மானிக்க அவகாசம் தருகிறார்கள். ஆனால் அங்கே தரவுகளைப் படித்துப் புரிந்துகொள்வது எல்லாருக்கும் பொதுவான பாடம். வரலாறு படிக்கப் போனாலும் எண்களை முழுசாகத் தவிர்க்க முடியாது.

'எச்2 எடுத்துட்டு அப்புறம் இறங்கிக்கலாமா?'

மூத்த மாணவர்கள் அதிகம் சொல்லும் ஆலோசனை இதுதான். எச்2-இலிருந்து எச்1-க்கு இறங்கலாம், எச்1-இலிருந்து எச்2-க்கு ஏறுவது கஷ்டம், அதனால் மேலேயிருந்து ஆரம்பி என்பார்கள். தப்பில்லை. எச்1 வகுப்பில் இருப்பவர் விட்டுப்போன வெக்டர்களையும் கலப்பெண்களையும் முதல் சில வாரங்களில் எட்டிப் பிடிக்கலாம். அரையாண்டு போன பிறகு பெரும்பாடு.

ஆனால் இதில் ஒரு சிக்கலைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிகளின் அடித்தளம் மூன்று எச்2 பாடங்கள். வழக்கமாக மாணவர்கள் எடுப்பது மூன்று எச்2, ஓர் எச்1. அந்த மூன்றில் ஒன்று கணிதமாக இருந்து, அதை எச்1 ஆக்கினால் மிஞ்சுவது இரண்டே எச்2. அப்போது வேறொரு பாடத்தை எச்1-இலிருந்து எச்2-க்கு உயர்த்தியாக வேண்டும்.

அதனால் கணிதம் இறங்கினால் எந்தப் பாடம் ஏறும் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

எனக்கு இது சொந்த அனுபவம். நான் நான்கு எச்2 பாடங்களோடு ஆரம்பித்தேன். கணிதமும் அதில் ஒன்று. முதலாமாண்டுக் கடைசித் தேர்வில் அது கவிழ்ந்தது. எச்1-க்கு மாற ஒரே ஒரு கையெழுத்துதான் தேவைப்பட்டது, ஏனென்றால் மற்ற மூன்று எச்2 பாடங்கள் பத்திரமாக இருந்தன. பக்கத்து இருக்கைத் தோழிக்கும் அதே மதிப்பெண்தான். அவளிடம் மூன்றே எச்2. இன்னொரு பாடத்தை உயர்த்தும் காலம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாமாண்டு முழுக்க அழுதுகொண்டே எச்2 கணிதம் படித்தாள்.

புள்ளிகளில் என்ன வித்தியாசம்?

என் காலத்தில் மொத்தம் 90 புள்ளிகள், எச்1 பாடமும் கட்டாயம் சேரும். 2026 பல்கலைக்கழகச் சேர்க்கை முதல் மொத்தம் 70. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடம் உங்கள் புள்ளிகளை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் வரும். செயல்திட்டப் பணிக்கு இனித் தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான்.

என் அண்ணன் மகளுக்குப் பிடித்தவை பொருளியல், வேதியியல், வரலாறு. அவளுடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

வேதியியல், பொருளியல், வரலாறு மூன்றும் எச்2, கணிதம் எச்1 என்று வையுங்கள். பொருளியலில் ஏ, மற்ற இரண்டிலும் பி, பொதுத்தாளில் பி வாங்கினால் 20 + 17.5 + 17.5 + 8.75, ஆக 63.75. எச்1 கணிதத்தில் ஏ கிடைத்தால் 10 சேர்ந்து 80-க்கு 73.75. அதை 70-க்கு மாற்றினால் ஏறத்தாழ 64.5. சின்ன லாபம். கணிதத்தில் சி கிடைத்தால்? அது கணக்கிலேயே வராது. 63.75 அப்படியே இருக்கும்.

இப்போது வரலாற்றை எச்1 ஆக்கி, கணிதத்தை எச்2 ஆக்குவோம். அதே பி வாங்கினால் அதே 63.75. சி வாங்கினால் 61.25. ஒவ்வொரு படி சரிவுக்கும் 2.5 புள்ளிகள் போகும். எச்1 வரலாற்றில் ஏ வாங்கினாலும் அதில் ஒரு பகுதிதான் திரும்பி வரும்.

சுருக்கமாகச் சொன்னால், புதிய முறையில் எச்1 கணிதம் உங்களைக் கீழே இழுக்காது. எச்2 கணிதம் இழுக்கலாம். ஆனால் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பை எச்2 மட்டுமே காப்பாற்றும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் முடிவு.

(போகிற போக்கில் ஒன்று: தாய்மொழிப் பாடமும் புள்ளிகளை உயர்த்தினால் சேரும். தமிழைக் கடைசி நேரத்தில் கைவிடாதீர்கள்.)

ஃபர்தர் மேத்ஸ் பற்றி?

2016-இல் மீண்டும் அறிமுகமான எச்2 பாடம் அது. எச்2 கணிதத்தோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும், எல்லாத் தொடக்கக் கல்லூரிகளிலும் கிடைக்காது. கணிதத்தையே உயிராக நேசிப்பவர்களுக்கானது. என்ன படிப்பது என்று தெரியாததால் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எடுக்காதீர்கள். இரண்டு எச்2 இடங்களைக் கணிதமே பிடித்துக்கொள்ளும்.

அப்போ என்னதான் செய்வது?

ஏ மேத்ஸ் நன்றாக வந்தது, அதுவும் டென் இயர் சீரிஸை மனப்பாடம் செய்ததால் மட்டும் வரவில்லை, என்ன படிப்பதென்று இன்னும் தெரியவில்லை என்றால் என் கருத்து எச்2. கூடவே, பின்னால் எச்2 ஆக்கக்கூடிய ஒரு பாடத்தை எச்1-இல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ மேத்ஸ் எடுக்கவில்லை, அல்லது எடுத்து இரண்டாண்டு அவதிப்பட்டீர்கள், மனம் மனிதவியல் பக்கம்தான் போகிறது என்றால் எச்1. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எச்1 கணிதத்தோடு தொடர்புத்துறைப் பட்டப்படிப்புக்குப் போன எனக்கு, ஆய்வுமுறைப் பாடத்தில் முதல் வாரமே கருதுகோள் சோதனை வந்தது. வகுப்பில் பாதிப் பேர் விழிக்க, எனக்கு அது பழைய நண்பன்.

தப்பாக எடுத்துவிட்டோம் என்று பின்னால் தெரிந்தால்? தனிப்பட்ட தேர்வராக எச்2 கணிதத்தை மறுபடி எழுதலாம். தேசிய சேவைக் காலத்தில் அப்படி எழுதும் பையன்கள் உண்டு. கூடுதலாக ஓராண்டு உழைப்பு, ஆனால் வழி இருக்கிறது.

படிவம் கொடுக்கும் முன் ஆசிரியரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எந்தத் தேதிவரை எச்2-இலிருந்து எச்1-க்கு மாறலாம்? எந்தத் தேதிவரை ஓர் எச்1 பாடத்தை எச்2 ஆக்கலாம்? கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இரண்டும் ஒரே தேதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அண்ணன் மகள் கேட்டாள். இரண்டாவது தேதிதான் முதலில் வருகிறதாம். எச்2 வேதியியல், எச்2 பொருளியல், எச்2 கணிதம், எச்1 வரலாறு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தத் தேதியைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறாள்.

நேற்று இன்னொரு செய்தி வந்தது. "அத்தே, வெக்டர் ஆரம்பிச்சுட்டாங்க." கூடவே மூன்று அழும் முகங்கள்.