புல்வெளியில் பிறந்து நெடுந்தீவில் கரையேறிய குதிரை

சாம்பல்தீவில் இருந்து திருகோணமலை நகருக்குப் போகிறவர்கள் கோட்டைப் பக்கம் புள்ளிமான் கூட்டத்தைக் கண்டிருப்பார்கள். கட்டாக்காலிக் குதிரைக் கூட்டத்தைக் காண ஆசைப்பட்டால் யாழ்ப்பாணம் போய், குறிகாட்டுவானில் படகேறி, நெடுந்தீவில் இறங்க வேண்டும். அங்கே மேயும் மட்டக்குதிரைகளின் பூர்வீகம் தென் ரஷ்யாவில், வோல்கா, தொன் ஆறுகள் பாயும் புல்வெளி.

இதைச் சொன்னவை பழைய எலும்புகள். லுடோவிக் ஓர்லாண்டோ தலைமையிலான ஆய்வுக்குழு 273 பழங்காலக் குதிரைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2021இல் முடிவை வெளியிட்டது. கசகஸ்தானின் பொத்தாய் மக்கள் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பே குதிரைகளோடு வாழ்ந்தவர்கள். ஆனாலும் இன்று நாம் வளர்க்கும் குதிரைகள் அவற்றின் வாரிசுகள் அல்ல. கி.மு. 2200 அளவில் வோல்கா–தொன் பக்கத்தில் பெருகத் தொடங்கிய இனமே சில நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவி, மற்றக் குதிரைகளின் இடத்தைப் பிடித்தது. அந்த இனத்தில் இரண்டு மரபணுக்கள் மாறியிருந்தன. ஒன்று முதுகின் வலுவோடும் மற்றது மிரளாத குணத்தோடும் தொடர்புடையது என்கிறார்கள். ஏறி உட்கார இடம் கொடுக்கும் முதுகும், உட்கார்ந்தவனை உதறாத குணமும் சேர்ந்தால் நாடோடிக்கு வேறென்ன வேண்டும்!

தமிழ்க் கரைக்குக் குதிரை கப்பலில் வந்தது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற தமிழர் இருவரும் குதிரை வணிகன் ஒருவனின் மக்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. குதிரை விற்ற காசு அரியணை வரை போயிருக்கிறது! பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் குதிரைகளை வாங்கி வாங்கிச் சாகவிட்டதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் கூறிய காரணம். குளிர்ந்த, உலர்ந்த புல்வெளியின் விலங்குக்கு நம் வெக்கையும் ஒத்துக்கொண்டிருக்காது.

நெடுந்தீவுக்குக் குதிரை வந்தது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில். ஒல்லாந்தரின் லாயத்துத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆங்கிலேயரும் அங்கே வளர்த்தார்கள். பிறகு குதிரைக்குத் தேவை குறைந்தது. எஞ்சியவை தாமாகவே பெருகின. முருகைக்கல் நிலம், உவர்நீர், குட்டைப் புல் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டன. கோடை வறட்சியைத்தான் தாங்க முடிவதில்லை. குளங்கள் வற்றும் மாதங்களில் குதிரைகள் தாகத்தில் செத்திருக்கின்றன. அவற்றைப் படம் பிடிக்கப் போகிறவர்கள், கோடைக்கு முன் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பச் சொல்லியும் குரல் கொடுக்க வேண்டும்.