இறுகிய முன்சில்லுக் குடத்தைக் கழற்றும் முறை

வயற்கரைக்கு உரமூடை கொண்டு செல்லவும், மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து மரக்கறியை ஏற்றி இறக்கவும் பழைய லாண்ட் றோவர் வாகனங்களை இன்றும் வைத்திருக்குங் கமக்காரர் பலர். 1948 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த இவ்வாகனத்தின் இரண்டாம் வரிசை 1958 இலும், மூன்றாம் வரிசை 1971 இலும் வந்தன. மூன்றாம் வரிசை 1985 வரை ஆக்கப்பட்டது. ஆதலால் இன்று ஓடுவனவற்றுள் மிக இளையதும் நாற்பது ஆண்டு கடந்ததே. இவ்வயதில் முன்சில்லின் குடம் இறுகிப் போதல் அரிதன்று. அறுவடைக் காலத்தில் இது நேருமாயின், அவசரத்தால் சம்மட்டியை எடுத்து, பெயாரிங்கோடு போயிருக்க வேண்டிய செலவை அச்சுமுனை வரை கொண்டு செல்வோர் உளர்.

முதலிற் குடத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். மாட்டுவண்டியின் குடம் அச்சாணியிற் சுழல்வது போலவே இங்கும் குடம் அசையாத ஓர் அச்சுமுனைமீது சுழல்கின்றது. வேறுபாடு யாதெனில், இந்த அச்சுமுனை உள்ளே துளையுடையது. அத்துளையினூடாகச் சில்லைச் செலுத்துந் தண்டு வெளியே வந்து, ஆறு போல்ட்டுகளாற் குடத்தோடு பூட்டப்பட்ட செலுத்துதட்டினுட் பொருந்துகின்றது. குடத்தினுள் இரண்டு கூம்புருளைப் பெயாரிங்குகள், உட்புறத்தில் ஓர் ஒயில் சீல், வெளிப்புறத்தில் இரண்டு பெரிய நட்டுகள், அவற்றினிடையே மடித்துவிடும் பூட்டுவாசர் என்பன உள்ளன.

பெரும்பாலும் நீரே இக்கேட்டிற்குக் காரணம். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய குடத்தோடு வாகனத்தை வாய்க்காலில் இறக்கினால், உள்ளிருக்குங் காற்றுச் சடுதியாகக் குளிர்ந்து சுருங்கும். தேய்ந்த சீலின் வழியே சேற்று நீர் உட்செல்லும். பின்னர் வாகனம் ஒரு போகம் முழுவதும் கொட்டிலில் நின்றால், உள்வளையங்கள் அச்சுமுனையோடு துருவேறிப் பிடித்துக்கொள்ளும். ஆற்றைக் கடக்குமுன் சிறிது நேரம் நிறுத்திக் குடத்தை ஆறவிடுவது செலவில்லாத காப்பு.

சில்லுச் சுழலவில்லையெனின் உடனே குடத்தைக் குறை கூறலாகாது. பிறேக் சரிப்படுத்தியைத் தளர்த்திப் பார்க்க. அதனாலும் பயனில்லையேல், காற்றகற்றும் முலையைச் சற்றுத் திறக்க. எண்ணெய் பீறிட்டுச் சில்லு விடுபட்டால், குற்றம் பிறேக் குழாயிலோ உருளையிலோ உள்ளது, குடத்திலன்று. சில்லுச் சுழன்றும் ஆடுமாயின், மேலும் கீழுமாக அதனைப் பிடித்து அசைக்கையில் ஒருவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பெயாரிங் தேய்ந்தது. நில்லாவிடின் திருப்புமுனையைச் சோதித்தல் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் சமதரையில் வாகனத்தை நிறுத்திப் பின்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தல் வேண்டும். இவ்வாகனத்தின் கைப்பிறேக் சில்லுகளிற் பிடிப்பதன்று, பின்னச்சுக்குச் செல்லுந் தண்டிற் பிடிப்பது. அதனை மட்டும் நம்புதல் ஆபத்து. சில்லு நட்டுகளைத் தரையிலேயே தளர்த்தி, பின்பு ஜக்கினால் உயர்த்தி, அச்சின்கீழ் உறுதியான தாங்கி வைக்க வேண்டும். செங்கல் தாங்கியாகாது, பாரத்தில் நொறுங்கும்.

சில்லையும் பிறேக் ட்றம்மையும் அகற்றுக. ட்றம்மைப் பிடித்திருக்கும் மூன்று திருகுகள் துருவேறியிருப்பின், பொருத்தமான திருப்புளியை வைத்து அதன் தலையில் ஓர் அடி கொடுத்த பின் திருப்பினாற் பள்ளம் சிதையாது. பழைய லைனர்களில் அசுபெசுற்றோசு இருக்கக்கூடும். அத்தூசியை ஊதாது நீர் தெளித்துத் துடைத்தல் வேண்டும். அடுத்துக் குடமூடி, ஸ்பிளிட் பின், தண்டுமுனை நட்டு, ஆறு போல்ட்டுகள் ஆகியவற்றைக் கழற்றிச் செலுத்துதட்டை எடுக்கலாம். தட்டு வாராதாயின் மரச்சுத்தியாற் சுற்றிலுந் தட்டுக. உளியைச் செருகினாற் பொருந்துமுகம் கீறுபட்டுப் பின் ஒயில் கசியும்.

பூட்டுவாசரின் மடிப்பை நிமிர்த்தி, 52 மில்லிமீற்றர் குழாய் ஸ்பனரால் வெளி நட்டையும், வாசரையும், உள் நட்டையும் கழற்றுக. உளியுஞ் சுத்தியுங் கொண்டு நட்டைச் சுற்றுவது எங்கும் காணப்படும் வழக்கம். அச்சுமுனையின் புரி கெடுவது பெரும்பாலும் அதனாலேயே. இந்த ஸ்பனரை ஒரு கிராமத்தில் நால்வர் கூடி ஒன்று வாங்கி வைத்தாலும் போதும்.

இனிக் குடம் தானாகவே வெளிவரல் வேண்டும். வாராதாயின் பெரும்பாலும் தடையாவது வெளிப்புறப் பெயாரிங்கின் உள்வளையமே. குடத்தை இழுக்கும்போது அதன் கூம்பு இவ்வளையத்தையும் உடன் தள்ளவேண்டியுளது. துரு அதற்கு இடங் கொடாது. ஊடுருவும் எண்ணெயை வளையத்தின் ஓரத்தில் இட்டு ஓரிரவு விடுக. மறுநாள் உள் நட்டை நான்கைந்து புரி மட்டும் திரும்ப ஏற்றுக. குடம் திடீரெனப் பாயாமலும் புரி சிதையாமலும் அது காக்கும். பின்பு ட்றம் இன்றிச் சில்லை மட்டும் குடத்திற் பூட்டி, மேலும் கீழும் பக்கமுமாக மாறி மாறி அசைத்து இழுக்க. ரயரின் அகலமே இங்கு நெம்புகோலாக உதவுவதால் பல குடங்கள் இவ்வளவிலேயே விடுபடும்.

அதற்கும் அசையாதாயின் சில்லுப் போல்ட்டுகளிற் பூட்டும் புல்லரைப் பயன்படுத்தலாம். புல்லரின் திருகு நேரே செலுத்துந் தண்டின் முனையில் அழுந்தினால், குடம் அசையாமல் தண்டும் அதன் மூட்டுமே சேதமுறும். தண்டின்மீது தடித்த குழாய்த்துண்டொன்றை மூடி, அதன் விளிம்பு அச்சுமுனையில் மட்டும் அழுந்துமாறு செய்தல் வேண்டும். திருகை இறுக்கி நிறுத்தி, குடத்தின் விளிம்பைத் தட்டி, மறுபடி இறுக்குக. கண்ணுக்குக் கண்ணாடி அணியாது பெயாரிங் அருகே சுத்தியை ஓங்கலாகாது. கடினமாக்கிய உருக்குச் சிதறித் தெறிக்கும்.

குடம் வந்தும் உட்புறப் பெயாரிங்கின் உள்வளையம் அச்சுமுனையில் நின்றுவிடுதல் உண்டு; அப்போது சீல் கிழியும். அவ்வளையத்தைக் கிறைண்டரால் ஏறக்குறைய முழு ஆழத்துக்கும் வெட்டி, எஞ்சிய மெல்லிய தகட்டை உளியால் வெடிக்கச் செய்தால் அது கழன்றுவிடும். அச்சுமுனையிற் கீறல் விழாமல் நிறுத்துவதே கைத்திறன். கைபழகாதார் இதனைக் கராஜில் விடுதல் நன்று. தீயாற் சூடாக்குவதாயின் முன்னரே கிறீஸைத் துடைத்து, அருகே மணல் வாளி வைத்துக்கொள்க. சூடுபட்ட பெயாரிங்கும் சீலும் மீண்டும் உதவா.

பூட்டும்போது பெயாரிங்கின் உள், வெளி வளையங்களை ஒருசேர மாற்றுக. பழையதொன்றும் புதியதொன்றும் சேரா. சீல் உராயும் வளையத்திற் பள்ளம் விழுந்திருப்பின் புதுச் சீலும் கசியும், அதனையும் மாற்றுக. அச்சுமுனை நீலம்பாரித்தோ பள்ளம் விழுந்தோ இருப்பின் அதனைக் காப்பாற்ற முயலுதல் வீண். குடத்தின் நெடுக்கு அசைவு 0.10 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை இருக்குமாறு உள் நட்டைச் சரிசெய்து, புதிய பூட்டுவாசரை இட்டு, வெளி நட்டை இறுக்கிய பின் அசைவை மறுபடியும் அளந்து பார்த்து வாசரை மடிக்க. முலை திறக்கப்பட்டிருந்தாற் பிறேக்கிலிருந்து காற்றை அகற்றுதலும் வேண்டும்.

பாரமேற்றாது நான்கைந்து மைல் ஓட்டி நிறுத்தி, இரு முன் குடங்களையுங் கையாற் தொட்டு ஒப்பிடுக. சரிசெய்த குடம் மற்றையதினும் மிகுந்த சூடாயிருப்பின், நட்டு இறுக்கமா, லைனர் உரசுகின்றதா என்பதைக் கண்டறிந்து திருத்தும்வரை மரக்கறி மூடைகளை ஏற்றாதிருத்தல் வேண்டும்.