பழைய புளோக்கில் இன்னும் கருங்கல் இருக்கிறது

தங்ளின் ஹால்ட் என்றதும் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு 1960களின் பத்து மாடி புளோக்குகள்தான் நினைவுக்கு வரும். 2014ஆம் ஆண்டில் அங்கு 31 புளோக்குகள், ஏறக்குறைய 3,480 வீடுகள், செர்ஸ் எனப்படும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. இப்படி ஒரு பேட்டை காலியாகும்போது குடியிருந்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர்கள் விட்டுச் சென்ற கான்கிரீட் என்ன ஆகிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன் எடை இருக்கும். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான். சிமெண்ட் கொஞ்சம், தண்ணீர் அதைவிடக் கொஞ்சம். உபின் தீவில் ஒரு காலத்தில் வெட்டியெடுத்த கருங்கல் வீவக கட்டடங்களுக்கும் போனது. அந்தக் கல்லுடைப்புத் தளங்கள் 1990களின் இறுதியில் மூடப்பட்டன. இன்று நமக்கென்று சொந்தக் கல் கிடையாது. 2007ஆம் ஆண்டில் இந்தோனீசியா மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, கருங்கல் வரவும் தடைபட்டு, கட்டுமானத் துறை திண்டாடியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, உபின் குன்றுகளின் ஒரு பகுதி இன்னும் பழைய புளோக்குகளின் சுவருக்குள் இருக்கிறது என்று சொல்லலாம்.

சிங்கப்பூரில் கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளில் 99 விழுக்காடு மறுபயனீடு செய்யப்படுவதாகத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. நம்மிடம் உள்ள ஒரே குப்பை நிரப்பிடமான செமாக்காவ் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்ற நிலையில் இது சாதாரண விஷயமல்ல. ஆனால் ‘மறுபயனீடு’ என்ற சொல்லுக்குள் பல படிகள் உண்டு. தூணிலும் உத்தரத்திலும் இருந்த நல்ல கல் சாலைக்கு அடியில் பரப்பப்பட்டாலும் மறுபயனீடுதான். வடிகாலாகவோ நடைபாதை ஓரக்கல்லாகவோ மாறினாலும் மறுபயனீடுதான். மீண்டும் ஒரு தூணாவது மட்டும் அபூர்வம். ஏன்? கல் கெட்டுப்போய்விட்டதா?

கல் கெடவில்லை. அதனுடன் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

சோதனை இடிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். முதலில் கல்நார் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு சுவரிலும் தூணிலும் சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள உருளைத் துண்டுகளைத் துளைத்தெடுத்து, அழுத்த இயந்திரத்தில் வைத்து நொறுக்கி வலிமையை அளக்கிறார்கள். புதிதாக உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பதும் உண்டு. பள்ளி வேதியியல் கூடத்தில் பார்த்த அதே திரவம்தான். காரத்தன்மை மிகுந்த நல்ல கான்கிரீட் உடனே கரும் இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு பல்லாண்டுகளாக ஊடுருவிக் காரத்தைக் குறைத்துவிட்ட வெளிப்பகுதியோ நிறம் மாறாமல் இருக்கும். பழைய வீடுகளில் குளியலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: காரம் குறைந்ததும் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது.

அடுத்தது இடிக்கும் முறை. 2010ஆம் ஆண்டின் எஸ்எஸ் 557 என்ற சிங்கப்பூர்த் தரவிதி, இடிப்பதற்கு முன் கணக்கெடுப்பு, படிப்படியாக இடித்தல், தளத்திலேயே தரம் பிரித்தல் ஆகியவற்றை முன்வைக்கிறது. கதவு, சன்னல், ஓடு, பொய்க்கூரை எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட்டு, வெற்று எலும்புக்கூடாக நிற்கும் கட்டடத்தை உடைப்பதே சரியான வழி. நேரம் பிடிக்கும், செலவும் கூடும். என்னைக் கேட்டால், ஒரு புளோக்கின் ஜல்லி தூணுக்குப் போகுமா சாலைக்கு அடியில் போகுமா என்பது ஆய்வுக்கூடத்தில் முடிவாவதைவிட, இந்தச் சில வாரங்களில்தான் பெரிதும் முடிவாகிறது. பொய்க்கூரையில் உள்ள ஜிப்சம் கொஞ்சம் கலந்தாலும் போதும். அதிலுள்ள சல்பேட் புதிய சிமெண்டுடன் வினைபுரிந்து, இறுகிய கான்கிரீட்டைப் பின்னாளில் விரிந்து வெடிக்கச் செய்யும். கண்ணாடித் துண்டு, மரச்சில்லு ஆகியவையும் வேண்டாத விருந்தாளிகளே.

நொறுக்கிய கான்கிரீட்டிலிருந்து காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துக்கொள்கிறது. சல்லடைகள் அளவு பிரிக்கின்றன. வெளியே வரும் ஜல்லி பார்க்க ஜல்லிபோலவே இருக்கும். அதை 11 இரும்புக் குண்டுகளுடன் ஓர் உருளையில் போட்டு 500 சுற்றுச் சுற்றி, எவ்வளவு பொடியாகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. லாஸ் ஏஞ்சலிஸ் சோதனை என்று பெயர். பழைய காரை ஒட்டிய ஜல்லி, புதுக் கருங்கல்லைவிட அதிகம் பொடியாகும்.

ஆனால் உண்மையான தலைவலி தண்ணீர். கருங்கல் ஜல்லி தன் எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீர் உறிஞ்சும். இடிபாட்டு ஜல்லி 4 முதல் 8 விழுக்காடு வரைகூட உறிஞ்சும். நூறு கிலோவுக்கு எட்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவைக்கென்று அளந்து ஊற்றிய தண்ணீரை ஜல்லி குடித்துவிட்டால், லாரி வந்து சேர்வதற்குள் கான்கிரீட் விறைத்துப்போகும். கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் நம் வாசகர்களுக்கு அப்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யாராவது ஒருவர் தண்ணீர்க் குழாயைத் தேடுவார். வலிமை அங்கேயே போய்விடும். அதனால் ஜல்லியை முன்கூட்டியே நனைத்து, அதன் ஈரத்தைத் தினமும் அளந்து, அதற்கேற்பக் கலவை நீரைத் திருத்த வேண்டும். புதுக் கல்லில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் இப்படி மாற்றினால் வலிமையில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பங்கு கூடக்கூடத்தான் கட்டுப்பாடும் இறுக வேண்டும்.

கிராஞ்சியில் சம்வோ நிறுவனம் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் இதைச் செய்தே பார்த்தது. 2010ஆம் ஆண்டுவாக்கில் உருவான அந்தக் கட்டடத்தில், இடிபாட்டு ஜல்லி 100 விழுக்காடு வரை பயன்படுத்தப்பட்டது. அதுவும் பாரம் தாங்கும் பகுதிகளில். ஒளியிழை உணர்கருவிகளைக் கான்கிரீட்டுக்குள்ளேயே பதித்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று கண்காணித்தார்கள். அலுவலகமாகவே அது இயங்கியது.

முன்பு சொன்ன கரியமில வாயுவுக்கு இங்கே வேறொரு முகம் உண்டு. கம்பிக்கு எதிரியான அதே வாயு, நொறுக்கிய ஜல்லியில் ஒட்டியுள்ள பழைய காரைக்குள் புகுந்தால் சுண்ணாம்புக் கல்லாக மாறி நுண்துளைகளை அடைக்கிறது. ஜல்லி இறுகும், நீர் உறிஞ்சுவதும் குறையும். ஹாங்காங் பலதுறைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் இந்த முறை விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய ஜல்லியால் கல் மிஞ்சும், கப்பல் பயணம் மிஞ்சும், செமாக்காவில் இடம் மிஞ்சும். பருவநிலைக்குக் கிடைக்கும் லாபமோ சிறியது. கான்கிரீட்டின் கரிம வெளியேற்றத்தில் பெரும்பகுதி சிமெண்டிலிருந்து வருகிறது. பழைய ஜல்லி போட்டாலும் புது சிமெண்ட் வேண்டும், சில சமயம் கூடுதலாகவே வேண்டும். ‘பசுமைக் கான்கிரீட்’ என்ற பலகையைப் பார்த்தால், சிமெண்ட் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

அந்தப் பக்கமும் கதவு இலேசாகத் திறந்திருக்கிறது. நொறுக்கும்போது மிஞ்சும் நுண்ணிய தூளை இதுவரை யாரும் பெரிதாக விரும்பியதில்லை. பழைய சிமெண்டில் கணிசமான பகுதி அதில் சேர்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு வழியை விவரித்தார்கள். பழைய இரும்பை மின்னுலையில் உருக்கும்போது அழுக்கைப் பிரிக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அதற்குப் பதிலாக இந்தச் சிமெண்ட் தூளைச் சேர்த்தால், மேலே மிதக்கும் கசடை வேகமாகக் குளிரவைத்து அரைத்ததும் அது மீண்டும் சிமெண்டாகிறது. ஐம்பது ஆண்டு ஒரே தூணுக்குள் இருந்துவிட்டு, காந்தத்தின் முன் பிரிந்த கம்பியும் காரையும் அந்த உலையில் மறுபடி சேர்ந்து உருகுகின்றன.