இரண்டாம் நாள் மாலை

பள்ளி மைதானத்தில் ஒரு தொலைநோக்கி. அதன் பின்னால் வளைந்து போகும் வரிசை. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் காட்டுவோம்" என்று மைக்கில் ஒரு குரல். ஊர்மக்களுக்கான வான்நோக்கு மாலைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. நிலவின் பள்ளங்களையோ சனியின் வளையத்தையோ ஆளுக்கு அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கலைந்துபோவார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் வெற்றிக்குக் கணக்கு. மறுநாள் தொலைநோக்கி பெட்டிக்குள் போய்விடும். என் பேச்சு அந்த மறுநாளைப் பற்றியது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மாலைகள் நடக்கும் சின்ன நிகழ்ச்சி, ஒரே இரவில் ஆயிரம் பேருக்குக் காட்டும் பெரிய நிகழ்ச்சியைவிட அறிவியலுக்கு நெருக்கமானது என்கிறேன். முதல் மாலையில் கிடைப்பது காட்சி. சான்று கிடைக்க இரண்டாவது மாலை வேண்டும்.

இதற்குக் கலிலியோவே சாட்சி. 1610 ஜனவரி 7 அன்று இத்தாலியின் பாதுவா நகரில் அவர் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பியபோது, அதையொட்டி மூன்று ஒளிப்புள்ளிகள் ஒரே கோட்டில் தெரிந்தன: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. அன்றைக்கு அவர் அவற்றை நிலவுகள் என்று நினைக்கவில்லை. பின்னணியில் இருக்கும் விண்மீன்கள் என்றே எடுத்துக்கொண்டார்; நேர்கோட்டில் நின்றது மட்டும் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. மறுநாள் பார்த்தால் மூன்றும் மேற்கே நின்றன. 9ஆம் தேதி மேகம். 10ஆம் தேதி இரண்டுதான் தெரிந்தன, அவையும் கிழக்கே. 13ஆம் தேதி நான்காவதும் சேர்ந்துகொண்டது. இவை வியாழனைச் சுற்றும் பொருள்கள் என்று அவர் முடிவு கட்டியது இந்த இடமாற்றங்களை வைத்துத்தான். வானத்தில் உள்ள எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. ஜனவரி 7 அன்று மாலையோடு அவர் தொலைநோக்கியை மூடி வைத்திருந்தால், வியாழன் பக்கத்தில் மூன்று விண்மீன்கள் தெரிந்தன என்பதற்கு மேல் எழுத அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. நம் வான்நோக்கு நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அந்த ஜனவரி 7லேயே நின்றுபோகின்றன.

அவர் கையில் இருந்த கருவி ஏறத்தாழ 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. இன்று பள்ளிகளுக்கு வாங்கும் சாதாரணத் தொலைநோக்கிகூட அதைவிடத் தெளிவானது. ஆகவே அவர் பார்த்ததை நம் ஊர்ப் பிள்ளைகளும் பார்க்கலாம். அவர் ஊகித்ததை ஊகிக்க மட்டும் அவர்களுக்கு நாம் வாய்ப்புத் தருவதில்லை. வரிசையில் நிற்பவருக்கு அரைத் தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரு வட்டமும் அதன் இருபுறம் தெரியும் புள்ளிகளும் போடச் சொன்னால் போதும். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. மேலே தேதி, நேரம். மறுநாள் அதே வேலை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் கேள்வி தானாக வரும்: "நேத்து இந்தப் பக்கம் இருந்தது எங்க போச்சு?" அந்த நான்கு நிலவுகளில் அயோ 42 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி ஒரு சுற்று முடிக்கிறது, யூரோப்பாவுக்கு மூன்றரை நாள், கானிமீட்டுக்கு ஒரு வாரம், காலிஸ்டோவுக்கு 17 நாள் ஆகின்றன. இந்த எண்களை முதலிலேயே மைக்கில் ஒப்பிக்கக் கூடாது என்பது என் கட்சி. கேள்வி வந்த பிறகு சொல்லலாம்.

ஒரே மாலைக்குள்ளும் சான்று தேட வழி உண்டு. 100 மடங்கு பெருக்கத்தில் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் வானத்துண்டு அரை டிகிரி அளவுதான். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்வதால், நடுவில் நிறுத்திய சனி ஒரு நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். தன்னார்வலர் குனிந்து குழாயை லேசாகத் தள்ளி மீண்டும் நடுவில் கொண்டுவருவார், அடுத்தவர் பார்ப்பார், மறுபடியும் நகர்ந்துவிடும். இதைத் தொல்லை என்று கருதி, தானாகப் பின்தொடரும் மோட்டார் பொருத்திய தொலைநோக்கியை வாங்கிவிடுகிறோம். பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பைப் பணம் கொடுத்து மறைக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே மோட்டாரை அணைத்துவிட்டு, "சும்மா பார்த்துக்கிட்டே இரு, என்ன நடக்குதுன்னு சொல்லு" என்று ஒரு சிறுமியை நிற்க வைத்தால், அவள் பார்ப்பது சனியை மட்டுமல்ல.

கைப்பேசியில் இதைவிட அழகான படங்கள் கிடைக்கின்றனவே என்பது முதல் மறுப்பு. கிடைக்கின்றன, போட்டியிடவே முடியாது. கண்ணருகு வில்லையில் தெரியும் சனி ஒரு மிளகு அளவுகூட இருக்காது. ஆனால் படத்தின் அழகும் சான்றின் வலுவும் வேறு வேறு. 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனை யுரேனஸ் மறைத்தபோது, மறைப்புக்கு முன்னும் பின்னும் அந்த விண்மீனின் ஒளி சில முறை சட்டென்று மங்கி மீண்டது. பறக்கும் ஆய்வகமான விமானத்தில் இருந்த அமெரிக்கக் குழு ஒன்று இதைப் பதிவு செய்தது. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒளி மங்கியதைப் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். வளையத்தை அன்று யாரும் படமெடுக்கவில்லை. ஏறி இறங்கிய கோடுகள்தான் இருந்தன. அதே காவலூரில் 1986இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் வானியலாளர்கள் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை, கருவிகள் பதிவு செய்கின்றன. பார்க்க வரும் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டுவது அங்கும் ஒரு சிறிய தொலைநோக்கிதான்.

நகர வெளிச்சத்தில் என்ன தெரியும் என்பார்கள். பால்வெளி தெரியாது, உண்மை. நிலவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் இருண்ட வானம் தேவையில்லை. பேருந்து நிலைய விளக்குக்கு நடுவிலும் அவை பளிச்சென்று இருக்கும். ஜான் டாப்சன் இதை நிரூபித்துக் காட்டினார். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்த அவர், ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் 1944இல் சேர்ந்து துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்வதும், அட்டைக் குழாயில் அதைப் பொருத்தி அக்கம்பக்கத்தாருக்கு வானம் காட்டுவதும் அவருக்குத் துறவின் தொடர்ச்சிதான். மடத்துக்கு அப்படித் தோன்றவில்லை. 1967இல் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அவரும் சில இளைஞர்களும் 'நடைபாதை வானியலாளர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கி, தெருமுனைகளில் தொலைநோக்கியை நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் அழைத்தார்கள். அவரது ஒட்டுப்பலகைத் தாங்கிக்கு மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். அவர் அதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. இன்று உலகமெங்கும் 'டாப்சோனியன்' என்ற பெயரில் விற்பது அதுதான்.

மேகம் வந்தால்? இது ஒற்றை நாள் நிகழ்ச்சியைத்தான் அதிகம் தாக்கும். 1761இல் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்த இடைமறிப்பைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காகப் பிரான்சிலிருந்து கப்பலேறிய வானியலாளர் லெ ஜாந்திக்கு, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடலிலேயே நிற்க நேர்ந்தது. ஆடும் கப்பல் தளத்திலிருந்து துல்லியமாக அளக்க முடியவில்லை. அடுத்த இடைமறிப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில், அவர் தயாராக நின்றபோது, வானம் மூடிக்கொண்டது. கலிலியோவுக்கோ 9ஆம் தேதி போனால் 10ஆம் தேதி இருந்தது. இதை வைத்து, ஒரே நாளில் முடியும் கிரகணக் கூட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1980 பிப்ரவரி 16 முழு சூரிய கிரகணத்தன்று நாட்டின் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் மக்கள் கண்ணாடியோடு வெளியே வந்து நின்றார்கள். அறிவியல் இயக்கங்கள் பல ஆண்டுகள் உழைத்ததற்கு அந்த மாற்றத்தில் பங்குண்டு. அந்த நாளோடு நிறுத்திக்கொண்டால் மட்டுமே எனக்குக் குறை.

கொஞ்சம் கடினமான மறுப்பு வேறு. இரண்டாம் நாள் யார் வருவார்கள்? பாதிப் பேர் வரமாட்டார்கள், கால்வாசிகூட வராமல் போகலாம். வராதவர்கள் வரைந்த தாள்கள் பலகையில் இருக்கும், புதிதாக வருபவர்கள் அவற்றோடு ஒப்பிடுவார்கள். சான்று ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டாம் முறை வரவே முடியாதவர் ஏழு மணிக்கு ஒருமுறையும் ஒன்பது மணிக்கு ஒருமுறையும் பார்க்கட்டும். வியாழனை ஒட்டி இருக்கும்போது அயோ இரண்டு மணி நேரத்தில் வியாழனின் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் நகர்ந்திருக்கும்.

ஜோதிட நம்பிக்கை இதனால் போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். ஒரு மாலையில் போகாது. போகும் என்று வாக்குக் கொடுப்பதும் சரியல்ல. ஏழரைச் சனிக்குத் திருநள்ளாறு போய்வந்த அம்மா, வளையத்தைப் பார்த்துவிட்டு "இதுவா சனீஸ்வரன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால், அவரைத் திருத்த முனைய வேண்டியதில்லை. சனி ஒரு சுற்றுக்கு 29½ ஆண்டு எடுப்பதால் ஒவ்வொரு ராசியிலும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கை யாரோ இரவுக்கிரவு பார்த்துத்தான் எடுத்தார்கள். ஜாதகப் பலன்களுக்கு அப்படி என்ன பதிவு இருக்கிறது என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தால் எழட்டும், எழாவிட்டாலும் மாலை வீணில்லை.

தேதி குறிப்பதில் ஒரு வார்த்தை. பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது. நிலவு தட்டையாகத் தெரியும். வளர்பிறை சப்தமியும் அஷ்டமியும்தான் நல்ல ஜோடி. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோடு ஒரு நாளில் சுமார் 12 டிகிரி நகர்வதால், நேற்று இருட்டில் தனிப்புள்ளியாக மின்னிய சிகரம் இன்று முழு மலையாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் ஒத்துழைக்கும். 2027 பிப்ரவரியில் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருவதால், அதையடுத்த மாதங்களில் மாலையிலேயே உயரத்தில் கிடைக்கும். இரண்டு நாள் தாள்களையும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் அதே தேதியும் நேரமும் கொடுத்துச் சரிபார்க்கலாம். அப்போது யாராவது ஒரு பையன், தான் வரைந்ததற்கு நேர்மாறாகத் திரையில் இருக்கிறது, கம்ப்யூட்டர்தான் தப்பு என்று சண்டைக்கு வருவான். ஆடித் தொலைநோக்கி பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும் என்பதை அவனுக்கு உடனே சொல்லிவிடாமல், எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பகலில் அதே தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம்.