பள்ளிக்கரணையில் காற்று எந்தப் பக்கம்?

மார்கழிக் காலையில் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போனால், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரும் இடத்தில் பைக்குகள் ஓரங்கட்டி நிற்கும். 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய அந்த நீர்ப்பரப்பை நோக்கி, பச்சைத் துணி சுற்றிய லென்ஸ்களும் ட்ரைபாட்களும் வரிசை கட்டியிருக்கும். 600 எம்.எம். எஃப்4 லென்ஸ் என்றால் ஒன்றே பத்து லட்சத்தைத் தாண்டும். கார் விலை.

தாம்பரத்துக்காரனான நானும் ஒருநாள் நண்பரிடம் பெரிய லென்ஸ் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மாலை நாலரை மணி. வேளச்சேரி - தாம்பரம் சாலைப் பக்கம் நின்றால் சதுப்புநிலம் கிழக்கே இருக்கும், சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். வெளிச்சம் நேராகப் பறவைமேல் விழுகிறது, வேறென்ன வேண்டும்? கூழைக்கடாக்கள் எழும்பின. பட்டனை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பெரிசு பண்ணிப் பார்த்தால் எல்லாம் வால். இறகு இறகாக, அத்தனை துல்லியமான வால்.

கடற்காற்று செய்த வேலை அது. பறவை எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். மாலையில் இங்கே காற்று கிழக்கிலிருந்து வருவதால், மேற்கே நிற்பவனுக்கு முதுகைக் காட்டியே கிளம்பும். அன்றைக்கு ரேடியல் ரோட்டில் நின்றிருந்தால் சுமாரான லென்ஸிலும் சிறகு விரிந்த பக்கவாட்டுப் படம் கிடைத்திருக்கும். எந்தக் கேமராவின் மெனுவிலும் இதற்கு ஒரு பட்டன் கிடையாது.

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனுக்கு இதெல்லாம் கைவந்த பாடம். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். அவருடைய கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று தானே சேர்த்துக் கட்டிய உருப்படி. அதற்கு ‘சூப்பர் பான்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, எடுத்தது சரியா என்று அங்கேயே திருப்பிப் பார்க்கத் திரையும் கிடையாது. நடந்தும் வளர்ப்பு யானையின் முதுகில் உட்கார்ந்தும் காட்டு யானைகளை நெருங்கினார். காது விரிவதையும் தும்பிக்கை உயர்வதையும் படிக்கத் தெரியாதவன் அந்த தூரத்தில் படம் எடுப்பதிருக்கட்டும், உயிரோடு திரும்புவதே சந்தேகம்.

கருவி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சேற்றுக்கு நடுவே நிற்கும் நெடுங்கால் உள்ளானை மொபைலில் எடுத்தால் ஒரு புள்ளிதான் மிஞ்சும். தூரத்தை லென்ஸ் குறைக்கும். நேரத்தையும் இடத்தையும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பறவை மட்டுமல்ல. நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் கவனித்துப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் புதுப் பையன்கள் மணப்பெண் முகத்திலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருப்பார்கள். திடீரென்று சொந்தக்காரர்கள் எழுந்து அட்சதை போட, ஃபிரேம் முழுக்கக் கைகள். அனுபவஸ்தர் ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கெட்டிமேளத்துக்கு அவர் சைகை காட்டுவதற்குள் இவர் ஸ்டூல்மேல் ஏறியிருப்பார்.

புது லென்ஸுக்கு இ.எம்.ஐ. கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களே, அதற்குமுன் நாலு ஞாயிறு கேமராவை வீட்டில் வைத்துவிட்டு ரேடியல் ரோட்டுக்கு வாருங்கள். காற்று எந்தப் பக்கம், எந்தக் கொம்பில் மீன்கொத்தி திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது என்று மட்டும் பாருங்கள். மறக்காமல் ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பக்கத்தில்தான் இருக்கிறது.