ஹாலுக்குள்ள ரயில் வருது, ஒதுங்குங்க!

நான்காவது மாடி. கையில் ஐஸ்கிரீம். தலைக்கு மேலே ரயில் போகிறது. ஹோட்டல் கூரைக்கு அடியில், பொம்மைக் கடையையும் சாப்பாட்டு மேசைகளையும் தாண்டி, ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே போகிறது. ரயிலில் இருப்பவர்கள் கை காட்டுகிறார்கள். நாமும் காட்டுகிறோம். காட்டாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. ஐம்பது வயதுக்காரர்கள்கூட, சட்டையில் ஐஸ்கிரீம் வழிவது தெரியாமல், காட்டிக்கொண்டே நிற்கிறார்கள்.

இது ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம், டிஸ்னி வேர்ல்டின் கன்டெம்பரரி ரிசார்ட். அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வரும் பெற்றோரைக் கூட்டிப்போகும் இடங்களில் நயாகராவுக்கு அடுத்து டிஸ்னி கட்டாயம் உண்டு. வந்து இறங்கியதுமே பெட்டியை எறிந்துவிட்டு பார்க்குக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள்! முதல் நாள் சாயங்காலம் டிக்கெட்டே எடுக்காதீர்கள். பார்க் உங்களுக்கு மேடையை மட்டும்தான் காட்டும். இந்த ஹோட்டலில் நின்றால் மேடையின் பக்கவாட்டுத் திரை கொஞ்சம் விலகித் தெரியும். எனக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் கூட்டணியில் நான், வீட்டுக்காரர், இரண்டாம் வகுப்பு மகன், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். அத்தை லிஃப்டை விட்டு வெளியே வந்தார், அண்ணாந்து பார்த்தார், தன் மகனின் கையைப் பிடித்தார்.

"ஏப்பா, வீட்டுக்குள்ள ரயில வுட்ருக்காய்ங்க!"

"ஆமாம்மா."

"சத்தமே காணோம்?"

அத்தை பிடித்த பாயிண்ட் சரி. அது மோனோரயில், ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தைக் கவ்விக்கொண்டு ரப்பர் டயரில் ஓடுகிறது. மின்சாரம், ஆகவே புகை இல்லை. இரும்புச் சக்கரமும் டீசலும் இருந்திருந்தால் இந்த ஹாலில் ஒருவர் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? ஹோட்டலுக்குள் இரண்டு உத்தரங்கள் ஓடுகின்றன. ஒன்றில் வரும் ரயில் உள்ளேயே நின்று ஆள் ஏற்றும். இன்னொன்று எக்ஸ்பிரஸ், நிற்காமல் போய்விடும். நம் ரயிலுக்குக் காத்திருக்கும்போது எக்ஸ்பிரஸ் கடந்துபோகும் எரிச்சல் இங்கேயும் உண்டு!

ஹாலின் நடுவில் 90 அடி உயரத்துக்கு டைல்ஸ் சித்திரம். மேரி பிளேர் வரைந்தது. 'சின்ட்ரெல்லா', 'பீட்டர் பான்' படங்களுக்கு வண்ணக் கனவு கொடுத்தவர். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகப் பிறந்த 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' சவாரியின் தோற்றமும் அவர் கைவண்ணம்தான். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, அங்கே வாழும் பூர்வகுடிப் பிள்ளைகள், பறவைகள், பூக்கள், ஆடுகள். ஆடுகளில் ஒன்றுக்கு ஐந்து கால். பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. முழுக்கக் குறையில்லாத படைப்பு என்று ஒன்று இருக்கக் கூடாது என்ற பூர்வகுடி நம்பிக்கைக்கு மரியாதை என்று ஒரு கதை சொல்வார்கள். என் மகனுக்குக் கதை தேவைப்படவில்லை. ஆட்டைக் கண்டுபிடித்ததும் அவன் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற நாலு குடும்பங்கள் கழுத்தை நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... அட!

அறைக்குப் போனோம். மணிக்கட்டில் போட்டிருக்கும் ரப்பர் பட்டையைக் கதவில் உள்ள மிக்கி முத்திரையில் ஒட்டினால் பச்சை வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றும், கதவு திறக்கும். மேஜிக்பேண்ட் என்று பெயர். உள்ளே ரேடியோ சில்லு இருக்கிறது. இதைக் கடையில் ஒட்டி, ரகசிய எண்ணைத் தட்டினால் பொருளுக்கான காசு அறைக் கணக்கில் ஏறிவிடும். பெற்றோருக்கு ஒரு ரகசியம்: பிள்ளைகளின் பட்டையில் அந்தச் செலவு வசதியை அடைத்துவைக்கலாம். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அத்தை தன் பட்டையை வளையல்களுக்கு நடுவில் தள்ளிவைத்துக்கொண்டு, கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, மூன்றாம் முறை எங்களை வெளியே நிற்கவைத்துத் திறந்து காட்டினார்.

அந்த அறையே ஒரு வேடிக்கை. 1971 அக்டோபர் 1 அன்று டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோதே திறந்த ஹோட்டல் இது. கட்டியதில் யு.எஸ். ஸ்டீல் கம்பெனிக்குப் பெரிய பங்கு. முதலில் ஆங்கில 'ஏ' எழுத்து வடிவில் இரும்புக் கூட்டை எழுப்பினார்கள். அறைகளைச் சில மைல் தள்ளி ஒரு கொட்டகையில், குளியலறைக் குழாய் உட்பட, தனித்தனியாகச் செய்து முடித்தார்கள். பிறகு லாரியில் ஏற்றிவந்து, கிரேனில் தூக்கி, கூட்டுக்குள் ஒவ்வொன்றாகச் செருகினார்கள்! அறைகளைத் திரும்ப உருவியெடுத்துப் புதுப்பிக்கலாம் என்று ஒரு வதந்தி ரொம்ப நாள் உலவியது. இன்றுவரை ஒன்றையும் உருவவில்லை. நான் இதைச் சொல்லச்சொல்ல, அத்தை கட்டிலில் மெதுவாக ஓரம் நகர்ந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

இதே ஹோட்டலில்தான் 1973 நவம்பர் 17 அன்று, வாட்டர்கேட் ஊழல் சூட்டில் வெந்துகொண்டிருந்த ஜனாதிபதி நிக்சன், பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தில் "நான் திருடன் இல்லை" என்று சொன்னார். மிக்கி மவுஸ் வீட்டில் நின்று சொன்ன சத்தியம், பலிக்கவில்லை.

சரி, ஜன்னலுக்கு வருவோம். எங்களுக்குக் கிடைத்தது பார்க் பக்க அறை. எதிரே மேஜிக் கிங்டம் பார்க், மரங்களுக்கு மேலே சின்ட்ரெல்லா கோட்டையின் நீலக் கூம்புகள். கோட்டை 189 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு மாட்ட வேண்டிவரும். சின்ட்ரெல்லாவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் நன்றாகவா இருக்கும்? இன்னும் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலே போகப்போக ஜன்னல்களைச் சிறிதாக்கிக் கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இரும்பு, கான்கிரீட், ஃபைபர்கிளாஸ், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஏமாற்று காலடியில் இருக்கிறது. பார்க்கில் நடக்கும் கூட்டம் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அவர்கள் இருப்பது முதல் மாடியில்! கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் ஒருநாள், எதிர்கால உலகம் என்று ஜோடித்த பகுதியில் ஒரு கௌபாய் வேஷக்காரர் வேலைக்குப் போகிற அவசரத்தில் குறுக்கே நடந்துபோனாராம்; வால்ட் டிஸ்னிக்கு அது உறுத்திவிட்டது. அதனால் இங்கே வேலையாட்களுக்கென்று தனிச் சுரங்க வழிகள். ஆனால் ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஆகவே தரைமட்டத்திலேயே வழிகளைக் கட்டி, எதிரில் செயற்கை ஏரி வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி நிரவி, அதன் மேல் பார்க்கைக் கட்டிவிட்டார்கள். ஏரியும் ஆச்சு, மண்ணும் ஆச்சு! வேஷம் போடுகிறவர்கள், சமையல் சரக்கு, துணிமூட்டை எல்லாம் கீழேயே போய் வருகின்றன. குப்பைக்கும் தனிக் குழாய் உண்டு. ஸ்வீடன் நாட்டு முறை. காற்றால் உறிஞ்சி மணிக்கு 60 மைல் வேகம் வரை இழுத்துப்போகும். வாழைப்பழத் தோல் நம் காரைவிட வேகமாகப் போகும் ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

வால்ட் இதில் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. 1966 டிசம்பரில் போய்விட்டார். ஓய்வுபெற இருந்த அண்ணன் ராய் அதைத் தள்ளிப்போட்டு, தம்பி பெயரையே சூட்டித் திறந்துவைத்தார். திறந்த அதே ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

பசி வந்துவிட்டது. நான்காவது மாடியிலேயே 'செஃப் மிக்கீஸ்'. மிக்கி, மின்னி, டொனால்டு, கூஃபி, புளூட்டோ எல்லாரும் மேசை மேசையாக வந்து விசாரிப்பார்கள். (இந்தப் பத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.) மிக்கி வாய் திறந்து பேசமாட்டார், கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் கை, தலை, இடுப்பு பாஷைதான். கையெழுத்து மட்டும் போடுவார். எந்த ஊழியர் அந்த உடைக்குள் இருந்தாலும் ஒரே கையெழுத்துதான் வரவேண்டும். பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஒரு குழந்தையின் கண்ணில் ஒரே நேரத்தில் இரண்டு மிக்கி படவும் கூடாது. ஊழியர்கள் வழி காட்டும்போது பாருங்கள், இரண்டு விரலால் காட்டுவார்கள். ஒற்றை விரலை நீட்டுவது சில நாட்டவருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்பதால். அவர்கள் சட்டையில் பெயரோடு சொந்த ஊரும் எழுதியிருக்கும். அதைப் படித்துப் பேச்சுக் கொடுப்பது என் வீட்டுக்காரரின் அன்றைய பொழுதுபோக்காகிவிட்டது.

அத்தை சைவம். முட்டை உண்டா, கறி பட்ட கரண்டியா என்று நான் கேட்டதும், சமையல்காரரே மேசைக்கு வந்தார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனார். அலர்ஜிக்காரர்களுக்கும் இந்த மரியாதை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் காரம் கிடைக்காது. காரம் வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் 'சனா'வுக்குப் போக வேண்டும். அங்கே நாணோடு சட்னி வரிசையே கட்டும். அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே கிளம்பச் சொல்லியிருப்பார். மிக்கி வந்து அவர் முன் குனிந்து, கையைப் பிடித்து முத்தம் வைத்தபோது, அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கூத்துக்காரப் பய" என்றார். கையை மட்டும் விடவில்லை.

வாணவேடிக்கை நேரம். 15-ஆம் மாடியில் 'கலிபோர்னியா கிரில்' இருக்கிறது. அங்கே சாப்பிட்டவர்களுக்கு மொட்டைமாடி, இசையோடு. எங்களைப் போன்றவர்களுக்கு நான்காவது மாடியின் வெளித் தாழ்வாரம், இலவசம். நான் சொன்ன அந்த விலகிய திரை இங்கேதான். பார்க்குக்குள் கோட்டைக்கு நேர் எதிரே நின்றால், வெடி கோட்டை உச்சியிலிருந்தே பூப்பதாகத் தெரியும். இங்கே நாம் நிற்பது பக்கவாட்டில். வெடி போடும் இடம் கோட்டைக்கு நல்ல தூரம் பின்னால் இருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது: கோட்டை இடது பக்கம், வெடியெல்லாம் வலது பக்கம், ஸ்பேஸ் மவுண்டன் சவாரியின் கூரைக்கு மேலே! கோட்டைச் சுவரில் ஒளிப்படம் ஓட்டுவார்கள், அது முகப்பில், நமக்குத் தெரியாது. இதைக் குறை என்று சொல்லி முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. மாயாஜாலக்காரரின் சட்டைக்கைக்குள் எட்டிப்பார்க்கக் கிடைக்கும்போது யாராவது முகம் சுளிப்பார்களா? அதோடு டிங்கர் பெல் தேவதை கோட்டையிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு பறப்பது பார்க்கின் டுமாரோலேண்ட் பகுதியை நோக்கி, அதாவது நம் பக்கமாக. மகன் தனக்காகத்தான் வருகிறாள் என்று முடிவே கட்டிவிட்டான்.

வெடி முடிந்ததும் கூட்டம் கலைந்து அறைக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள். ஹோட்டலின் பின்பக்கம் இறங்கினால் பே லேக், இது இயற்கை ஏரி. பத்து மணியை ஒட்டி இருட்டுக்குள்ளிருந்து ஒரு சங்கீதம் வரும். பின்னால் 14 மிதவைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் 25 அடி உயரச் சட்டம், சட்டமெங்கும் விளக்கு. கடல் நாகம், திமிங்கலம், ஆமை, ஆக்டோபஸ். எலக்ட்ரிகல் வாட்டர் பேஜன்ட்; 1971 அக்டோபரில் ஆரம்பித்தது. மறு ஆண்டு டிஸ்னிலாந்தில் தொடங்கிப் பெரும் பெயர் வாங்கிய விளக்கு ஊர்வலத்துக்கு இதுதான் மூலம். பகலில் பார்த்தால் வெறும் சட்டமும் வலையும் ஒயரும்தான். இருட்டு வந்ததும் அந்த நாகம் தண்ணீரில் நெளிகிறது.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். "தெப்பம் வுடுறாய்ங்கப்பா! சாமிய எங்க?"

தைப்பூசத்துக்கு மாரியம்மன் தெப்பக்குளக் கரையில் இடம் பிடித்துப் பழகியவர். கடைசி மிதவையில் அமெரிக்கக் கொடி மின்னியதும், "ஓ, இதுதானாக்கும்" என்று சமாதானமாகிக் கும்பிட்டும் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் ரயில். ஹோட்டல்களைச் சுற்றும் மோனோரயிலுக்கு டிக்கெட் கிடையாது. கன்டெம்பரரியில் ஏறினால் டிக்கெட் சென்டர், பாலினேஷியன், கிராண்ட் ஃப்ளோரிடியன், மேஜிக் கிங்டம், மறுபடி கன்டெம்பரரி. அதாவது பார்க்கிலிருந்து ஹோட்டலுக்கு ஒரே ஸ்டாப். ஹோட்டலிலிருந்து பார்க்குக்கு ஊரைச் சுற்ற வேண்டும். காலையில் அவசரமென்றால் நடந்துவிடுங்கள், பத்து நிமிஷம்தான். பக்கத்தில் ஓரிடத்தில் சாலைக்கு மேலே ஒரு கால்வாய் போகிறது. கீழே கார், மேலே படகு!

இரவில் அவசரம் எதற்கு? ஏறினோம். கதவு மூடுமுன் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒலிக்கும் எச்சரிக்கைக் குரல், ஜாக் வாக்னர் என்ற அறிவிப்பாளருடையது. 1995-ல் இறந்துவிட்டார், குரல் இன்னும் கதவை விட்டு விலகி நிற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாலினேஷியன் வந்ததும் வீட்டுக்காரர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். அவர் பீட்டில்ஸ் பைத்தியம். 1974 டிசம்பரில் ஜான் லெனன் அந்தக் குழுவைக் கலைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அங்கே உள்ள ஒரு அறையில். பார்க் ஸ்டேஷனில் மிக்கிக் காது மாட்டிய கூட்டம் திபுதிபுவென்று ஏறியது. தூங்கும் பிள்ளைகள், மடக்கிய வண்டிகள், வியர்வை. நாங்கள் மட்டும் இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தோம். கன்டெம்பரரியின் வெளிச்ச ஹாலுக்குள் ரயில் நுழைந்தது. கீழே யாரோ ஐஸ்கிரீமோடு அண்ணாந்து பார்க்க, அத்தை வளையல் குலுங்க இரண்டு கையையும் ஆட்டினார். கதவு திறந்தது. நாங்கள் எழுந்தோம். அத்தை எழவில்லை.

"டிக்கெட்டுதான் கிடையாதே. நீங்க போய்ப் படுங்க, நான் இன்னொரு சுத்துப் போயிட்டு வாரேன்."