குடலுக்குள் ஒரு கங்காணி



சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள செங்காங், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த வட்டாரம். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். 2018ஆம் ஆண்டில் பொது மருத்துவமனையும் வந்துவிட்டது. ஆனால், வயிறு உப்பினால் பேதி மருந்து குடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பழக்கம் நம்மில் பலரை விட்டுப் போகவில்லை. அது எப்போது ஆபத்தாகும் என்பதை இன்று தெரிந்துகொள்வோம்.

துரை பங்களாவில் இருந்தாலும் தோட்டத்தில் வேலை நடக்கிறது. காரணம், கங்காணி பக்கத்தில் நிற்கிறார். நம் உடலில் மூளைதான் துரை. குடற்சுவருக்குள் வலைபோல் பரவியுள்ள பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள்தாம் கங்காணி. 1899ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற அறிஞர்கள், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிப் பார்த்தனர். அப்போதும் குடல், உணவுக்குப் பின்புறம் சுருங்கியும் முன்புறம் தளர்ந்தும் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

இந்தக் கங்காணியை யார் தாக்குவார்? நம் காவற்காரரே தாக்குவதுண்டு. கிருமிகளை அடையாளம் கண்டு அழிப்பதற்காக உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றுநோயின் அணுக்களில், நரம்பணுக்களுக்கே உரிய 'ஹு' என்னும் புரதங்கள் இருக்கும். உடல் புற்றுநோயை எதிர்க்கத் தொடங்கும்போது, அதே அடையாளமுள்ள குடல் நரம்பணுக்களும் சிலருக்கு அடிபடுகின்றன. இரத்தத்தில் காணப்படும் 'ஹு' எதிர்ப்பொருள் இதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் நரம்பணுக்களை அழிப்பதில் பெரும்பங்கு வெள்ளணுக்களில் ஒரு வகைக்கே உண்டு.

இன்னொரு வகையில் எதிர்ப்பொருளே நேராக வேலையைக் கெடுக்கும். ஒரு நரம்பணு மற்றொன்றுக்கு அசெட்டைல்கோலின் என்ற பொருளால் செய்தி அனுப்புகிறது. அதை வாங்கும் இடத்தை எதிர்ப்பொருள் முடக்கிவிடும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் இதை விளக்கினர். இவ்வகை நோயாளிகளுக்கு எழுந்து நின்றால் தலைசுற்றல், வாய் உலர்தல் ஆகியவையும் இருக்கும்.

நரம்பு முடங்கினால் குடல் நகராது. அடைப்பு ஒன்றும் இல்லாமலே அடைபட்டதுபோல் வயிறு உப்பும். சிறிது உண்டாலே வயிறு நிறையும், வாந்தி வரும், உடல் இளைக்கும். புற்றுநோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே இவை தோன்றலாம்.

இது மிக அரிய நோய். சாதாரண மலச்சிக்கலுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீரும் கீரையும் பழமும் பெரும்பாலும் போதும். ஆனால் வயிறு உப்பி, வாந்தியும் வந்து, மலமும் காற்றும் நின்றுவிட்டால் பேதி மருந்து கொடுக்காதீர்கள். வயிற்றை அழுத்தித் தடவாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுத் தொல்லையோடு எடையும் குறைந்தால், சிகரெட் பிடிக்கும் பெரியவர்கள் அந்தப் பழக்கத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இறந்த நரம்பணுக்களை மருந்து மீட்டுத் தருவது அரிது. மிஞ்சியிருப்பவற்றைக் காக்கலாம், மறைந்திருக்கும் புற்றுநோயையும் முன்னதாகக் கண்டு சிகிச்சை செய்யலாம். ஆகவே, வயிற்றுக் கோளாறுதானே என்று நாளைக் கடத்தாமல் இருப்போமாக.